நீர் இறங்கும் இரவு

2018 ஜனவரி கடைசி வாரத்தில் நான் மாதாவிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: தண்ணீர் இறங்கட்டும். காலையில் எழுந்ததும் கேட்டேன். கயிறுகளைப் பார்க்க மேல்தட்டுக்குப் போகும்போது கேட்டேன். இரவு செபமாலையின் ஒவ்வொரு மணியிலும் அதையே கேட்டேன். தண்ணீர் இறங்கத்தான் செய்தது. அப்படி இறங்கிக்கொண்டிருந்த ஓர் இரவில்தான் எங்கள் படகு எங்கள் கையை விட்டுப் போகப் பார்த்தது. கடவுளிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்ற கேள்வி அன்றைக்கு என்னோடு வந்து ஒட்டிக்கொண்டது. இன்னும் விடவில்லை.

நான் பாண்டிச்சேரியில் பிறந்தவள். பாரிஸில் 31 வருடம் நர்ஸ் வேலை பார்த்தேன், பாதிக்கு மேல் இரவுப் பணி. ஓய்வு பெற்றதும் கணவரோடு படகில் குடியேறினேன். அவருக்கு அது புதிதல்ல. அவரும் அவர் அம்மாவும் படகிலேயே பிறந்தவர்கள். வடக்கே நிலக்கரியும் தெற்கே கோதுமையும் ஏற்றி இறக்கிப் பிழைத்த குடும்பம். கரையில் வீடு கட்டி வாழ்கிறவர்களை அந்தச் சனங்கள் ‘தரைக்காரர்கள்’ என்பார்கள். நான் தரைக்காரியாக வந்த மருமகள்.

எங்கள் பெனிஷ் 38.5 மீட்டர் நீளம், 5.05 மீட்டர் அகலம். 1879இல் பொதுப்பணி அமைச்சராக இருந்த ஷார்ல் த ஃப்ரேசினே, கால்வாய்களில் படகை ஏற்றி இறக்கும் மதகுத் தொட்டிகளை ஒரே அளவுக்குக் கொண்டுவரச் சட்டம் செய்தார். தொட்டி 39 மீட்டருக்கு 5.20. அதற்குள் இரண்டு பக்கமும் கை அகலம்கூட மிஞ்சாமல் நுழையும்படி வந்த படகுதான் பெனிஷ். முன்பு தானியம் நிறைந்திருந்த அதன் வயிற்றில்தான் இப்போது எங்கள் அடுப்பும் கட்டிலும் புத்தக அலமாரியும் இருக்கின்றன.

அந்தக் குளிர்காலம் நாங்கள் கொன்ஃப்லான்-சேன்ட்-ஒனோரினில் கட்டியிருந்தோம். பாரிஸுக்குக் கீழே, சேன் நதியில் உவாஸ் ஆறு வந்து கலக்கும் இடம். படகுச் சனங்களுக்கு அதுதான் தலைநகரம். ஜனவரி 3ஆம் தேதி எலெனோர் புயல் அடித்தது. அதன் பிறகு மழை நிற்கவே இல்லை. நீர்மட்ட அறிவிப்பு மஞ்சளானது, பிறகு ஆரஞ்சு. ஆற்றில் போக்குவரத்தை நிறுத்தினார்கள். 28ஆம் தேதி இரவு பாரிஸின் ஆஸ்டர்லிட்ஸ் பாலத்து அளவுகோலில் நீர் 5.8 மீட்டரைத் தாண்டியது. 2016 ஜூனில் வந்தது 6.10. நூறாண்டு கழித்தும் எல்லாரும் சொல்லிக்கொண்டிருக்கும் 1910 வெள்ளம் 8.62. அல்மா பாலத்துத் தூணில் நிற்கும் சுவாவ் சிப்பாய் சிலைக்கு அந்த வருடம் தோள்வரை தண்ணீர் ஏறியது. இன்றைக்கும் பாரிஸ்வாசிகள் வெள்ளத்தைச் சிலையின் உடம்பை வைத்துத்தான் அளக்கிறார்கள்: காலா, முழங்காலா, தொடையா.

எங்களுக்குச் சிலை வேண்டியிருக்கவில்லை. படகைக் கட்டியிருந்த கல்தளமே மூழ்கிவிட்டது. தளத்தின் மேல் இடுப்பளவு தண்ணீர். கரண்ட் கொடுக்கும் கம்பம் முதல் நாளே செத்தது. இறங்கிப் போகும் பலகை எங்கே முடிகிறது என்று தெரியாது. ரொட்டி வாங்கக்கூடச் சின்னத் தோணியை எடுத்து, தளத்துக்குப் பின்னால் இருக்கும் மேட்டுச் சுவர்வரை துழாவிப் போக வேண்டும். இரவில் படகின் இரும்புச் சுவர் வழியாக ஆறு பேசும். கிளை உரசினால் கீறல். பீப்பாய் மோதினால் மணி. முழு மரம் வந்து இடித்தால் அலமாரியில் இருக்கும் பீங்கான் எல்லாம் ஒரே குரலில் நடுங்கும். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து கயிற்றைத் தளர்த்த வேண்டும். இறுக்கிக் கட்டினால் ஏறும் நீர் கயிற்றை அறுக்கும், இல்லாவிட்டால் படகை ஒரு பக்கமாக அமுக்கும். தலைக்கு மேல் வெள்ளம் சாண் போனால் என்ன, முழம் போனால் என்ன என்று என் பாட்டி சொல்வாள். படகில் அந்தப் பழமொழி செல்லாது. சாணுக்கும் முழத்துக்கும் நடுவில்தான் எங்கள் குடித்தனம் நடந்தது.

கொன்ஃப்லானில் ஒரு கோயில் மிதக்கிறது. முதல் உலகப் போர் முடிந்து எஃகு கிடைக்காத சமயம், 1919இல், கான்கிரீட்டால் கட்டிய பெரிய படகு அது. பெயர் ‘ழ சேர்’, ‘நான் பணி செய்கிறேன்’ என்று அர்த்தம். 1930களிலிருந்து படகுச் சனங்களின் பூசை அதற்குள் நடக்கிறது. போக்கிடம் இல்லாதவர்களுக்கும் அதில் இடம் கொடுக்கிறார்கள். திபெத்திலிருந்து தப்பி வந்தவர்கள் பலர் அங்கே தங்கியிருக்கிறார்கள். வெள்ளம் உச்சத்தில் இருந்த ஞாயிற்றுக்கிழமை நாங்களும் போனோம். மன்றாட்டு நேரத்தில் நான் எழுந்து நின்று, தண்ணீர் சீக்கிரம் இறங்க வேண்டும் ஆண்டவரே என்றேன். எல்லாரும் பதில் சொல்ல வாயெடுக்கும் முன்பு பின்வரிசையில் இருந்த கிழவர் ஒருவர், எங்களுக்கு அடுத்த படகுக்காரர், ஒரே ஒரு வார்த்தையைச் சேர்த்தார்: ‘மெதுவாக.’ என் வேண்டுதலை யாரோ திருத்துகிறார்களே என்று எனக்கு முகம் சுருங்கியது.

அந்த வாரமே இன்னொரு திருத்தமும் வந்தது. என்னோடு வேலை பார்த்த தோழி போனில் நலம் விசாரித்தாள். அவள் அம்மாவின் ஊர் ஷாந்த்கோக். 1974இல் மார்ன் ஆற்று வெள்ளத்தைத் தேக்கிவைக்க தேர்-ஷாந்த்கோக் ஏரியைக் கட்டியபோது மறைந்த மூன்று கிராமங்களில் ஒன்று. நான் சலிப்போடு ‘எவ்வளவு செபித்தும் இறங்கவில்லையே’ என்றேன். அவள் கோபமில்லாமல் சொன்னாள்: ‘உங்களுக்கு வர வேண்டிய தண்ணீரில் பாதி எங்கள் அம்மா வீட்டு மேல்தான் நிற்கிறது.’ பாதி என்பது பேச்சுக்குச் சொன்னதுதான். ஆனால் சொன்ன விஷயம் பேச்சுக்கு அல்ல. பாரிஸை இன்னொரு 1910 வந்து அழிக்கக் கூடாது என்று மார்ன், சேன், ஓப், யோன் ஆறுகளின் தலைமாட்டில் நான்கு பெரிய ஏரிகள் கட்டியிருக்கிறார்கள். தேர் ஏரி மட்டும் 48 சதுர கிலோமீட்டர். ஷாம்போபேர் கிராமத்தின் கோயில் மட்டும் தப்பி, வீடு ஒன்றும் இல்லாமல், ஏரிக்குள் நீண்ட முனையில் தனியாக நிற்கிறது. ஒரு நகரம் நனையக் கூடாது என்ற வேண்டுதல் இப்படித்தான் நிறைவேறியது.

கீழ்ப்பக்கத்திலும் அதே கணக்குதான். எங்களை விட்டுப் போகும் தண்ணீர் ருவான் நகரத்துக்குப் போக வேண்டும். அங்கே கடலேற்றம் ஆற்றுக்குள் புகுந்து மேலே போஸ் அணைவரை வரும். ஏற்றம் பெரிதாக இருக்கும் நாளில் ஆறு வெளியேற வழியில்லாமல் நிற்கும். நான் சீக்கிரம் என்று கேட்டபோது, எனக்குத் தெரியாமலே, ருவான் கரையில் இருக்கிற யாரோ ஒருத்தியின் சமையலறைக்குள் அந்தத் தண்ணீரைத் தள்ளிவிடக் கேட்டிருக்கிறேன்.

பாரிஸின் காவல் புனிதை ஜெனவியேவ். வெள்ளம் வந்தால் அவளுடைய எலும்புகள் இருந்த பேழையை ஊர்வலமாக எடுப்பார்கள். மழை பொய்த்தாலும் அதே பேழையைத்தான் எடுப்பார்கள். பல நூற்றாண்டு நடந்த வழக்கம், 1793இல் புரட்சிக்காரர்கள் அந்த எலும்புகளை எரிக்கும்வரை. இப்போது தூர்னெல் பாலத்தில் உயரமான வெள்ளைக் கல்லாக, வெள்ளம் வரும் திசையைப் பார்த்து நிற்கிறாள். முன்பெல்லாம் அந்தச் சிலையைக் கடக்கும்போது, காவலுக்கு நிற்கிறாள் என்று நினைப்பேன். அந்த வாரத்துக்குப் பிறகு வேறு மாதிரி தோன்றியது. வேண்டும் என்றும் வேண்டாம் என்றும் ஒரே தண்ணீரைப் பற்றி ஒரே பெண்ணிடம் இத்தனை தலைமுறை கேட்டிருக்கிறதே, அவள் யாருக்கு என்ன பதில் சொல்லியிருப்பாள்?

அப்படியானால் கேட்கவே கூடாதா? அதையும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் எத்தனை அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைக்கு மூச்சுத் திணறும்போது ‘உமது சித்தம்’ என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கிற அம்மாவை நான் கண்டதில்லை. கேட்பது பலவீனம், ஞானிகள் கேட்க மாட்டார்கள் என்று சொல்கிறவர்கள் அந்த வராந்தாவில் ஓர் இரவு உட்கார்ந்து பார்க்கட்டும்.

எங்கள் சுக்கான் அறையில் மாமனார் காலத்துப் பாரமானி ஒன்று தொங்குகிறது. அதன் முள் இறங்கினால் புயல். ரேடியோவில் காற்றழுத்தத்தை ஹெக்டோபாஸ்கல் என்று சொல்வார்கள். 1971 முதல் அழுத்தத்தின் அளவுக்கு ப்ளேஸ் பாஸ்கலின் பெயர். 1648 செப்டம்பர் 19ஆம் தேதி அவருடைய அக்காள் கணவர், பாஸ்கல் கேட்டுக்கொண்டபடி, பாதரசக் குழாயோடு புய்-த-தோம் மலையில் ஏறினார். மேலே போகப் போகப் பாதரசம் இறங்கியது. நம் தலைமேல் காற்று ஒரு கடல்போல் கனத்து நிற்கிறது என்பது அன்றைக்கு உறுதியானது. தண்ணீர் ஒரு பாத்திரத்தின் எல்லாப் பக்கமும் எப்படி அழுத்துகிறது என்று எழுதிவைத்தவரும் அவரே. எங்கள் படகு மிதப்பதையும் அதைக் கவிழ்க்க வரும் புயலையும் சேர்த்துப் புரிந்துகொண்ட மனிதர் என்று அவரை நினைத்துக்கொள்வேன்.

அவரை எனக்கு அறிமுகப்படுத்தியது பாரமானி அல்ல, ஒரு நோயாளி. ஓய்வு பெற்ற ஆசிரியை. பாஸ்கல் நோயைப் பற்றி எழுதிய செபத்தை மேசையில் வைத்திருந்தார். இளவயதிலிருந்து உடம்பு படுத்தி 39 வயதில் இறந்தவர் எழுதியது. அதில் அவர் கேட்பது சுகம் அல்ல. நோயை நல்ல முறையில் பயன்படுத்தத் தெரிய வேண்டும் என்பதே அந்தச் செபத்தின் தலைப்பும் சாரமும். நர்ஸான எனக்கு அன்றைக்கு அது பிடிக்கவில்லை. வலியைக் குறைப்பது என் வேலை, நோய்க்கு என்ன நல்ல பயன் என்று நினைத்தேன். பல வருடம் கழித்து, ஜனவரி இரவில் கையில் ஈரக் கயிற்றோடு நின்றபோதுதான், பாஸ்கல் விட்டுக்கொடுத்ததாக நான் நினைத்த இடத்தில் அவர் வேறொரு வேலை கேட்டிருக்கிறார் என்று பட்டது. தண்ணீரைப் பிடித்து இழுக்க என்னால் முடியாது. கயிறு என் கையில் இருக்கிறது.

மாமியாருக்கு அப்போது 83 வயது. ஊருக்குள் மேட்டில் இருக்கும் முதியோர் இல்லத்தில் இருந்தார். பிப்ரவரி முதல் வாரம் நீர் குறையத் தொடங்கியதும் சந்தோஷமாகப் போன் செய்தேன். அவர் குரலில் சந்தோஷம் இல்லை.

‘மகளே, இன்று இரவு யார் முழிப்பது?’

‘இறங்குகிறதே அம்மா, இனிமேல் என்ன?’

‘ஏறுகிற தண்ணீர் உன்னைத் தூங்க விடாது. இறங்குகிற தண்ணீர் உன்னைத் தூங்கவைக்கும்.’

1955 ஜனவரி வெள்ளத்தின்போது அவருக்கு இருபது வயது. பாரிஸில் 7.12 மீட்டர் ஏறிய வெள்ளம். ஏறும்வரை ஒரு படகும் போகவில்லையாம். வடியத் தொடங்கிய பிறகு பக்கத்துப் படகு காற்றுக்கு நகர்ந்து, மூழ்கியிருந்த தளத்தின் மேல் பாதி வந்து நின்றிருக்கிறது. வீட்டார் களைத்துத் தூங்கிவிட்டார்கள். அடியில் இருந்த தண்ணீர் நழுவிப் போனதும் ஒரு பாதி கல்லில், ஒரு பாதி வெறும் காற்றில். விடியும்போது படகு சாய்ந்து, தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டது. ‘தண்ணீர் இறங்கட்டும் என்று நாங்கள் எல்லோரும்தான் வேண்டினோம்’ என்றார்.

எனக்குச் சட்டென்று வார்டு ஞாபகம் வந்தது. காய்ச்சல் ஏறியிருக்கும்போது நோயாளி கட்டிலை விட்டு அசைய மாட்டார், நாமும் பக்கத்திலேயே இருப்போம். காய்ச்சல் விட்ட முதல் இரவில்தான் அவர் தானாக எழுந்து கழிவறைக்கு நடப்பார், கால் மடங்கி விழுவார். இளம் நர்ஸுகளுக்கு நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே இதுதான். 31 வருடம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு ஆற்றங்கரையில் அது நினைவுக்கு வரவில்லை.

பிப்ரவரி 6ஆம் தேதி இரவு. பாரிஸைச் சுற்றி எல்லா ஊரிலும் பனி கொட்டியது. சாலைகளில் வண்டிகள் நின்றுவிட்டன. ஆற்றின் இரைச்சலைக்கூடப் பனி மூடிவிட்டதுபோல் ஓர் அமைதி. இரண்டு மணியிலிருந்து என் முறை. படகு தளத்தின் மேல் ஏறிவிடாதபடி, அதற்கும் மேட்டுச் சுவருக்கும் நடுவே முன்னும் பின்னுமாக இரண்டு நீண்ட மரக்கால்களை முட்டுக்கொடுத்திருந்தோம். மூன்று மணி இருக்கும். அடுப்புக்குக் கட்டை வைத்துக்கொண்டிருந்தேன். காலடியில் ஓர் உரசல். மரம் இரும்பில் மோதும் ஒலி அல்ல. இரும்பு கல்லைத் தொடும் ஒலி.

மேலே ஓடினேன். அடித்து வந்த மரம் ஒன்று பின்பக்கத்து மரக்காலை விலக்கிவிட்டிருந்தது. படகின் பின்பாதி தளத்தின் மேல் நகர்ந்திருந்தது. தோணித் துடுப்பை இறக்கிப் பார்த்தேன். கல்லுக்கும் படகின் அடிப்புறத்துக்கும் நடுவே நாலு விரல் தண்ணீர். ஒரு மூலை ஏற்கெனவே தட்டிக்கொண்டிருந்தது. கணவரை எழுப்பினேன். முன்பக்கத்துக் கயிற்றை நான் இறுக்கிச் சுற்றினேன். அவர் சுக்கானைக் கரைப்பக்கம் முழுக்கத் திருப்பி, எஞ்சினை மெல்ல முன்னோக்கி விட்டார். கயிறு பிடித்துக்கொள்ள, பின்பக்கம் கரையை விட்டு விலக வேண்டும். கயிறு முறுகி, அதன் பனியெல்லாம் தூளாகச் சிதறியது. முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அந்த உரசல் நின்றது. பின்பக்கம் ஒரு முழம், இரண்டு முழம் என்று விலகி ஆழத்துக்கு வந்தது. மரத்தைத் தள்ளிவிட்டு மரக்காலைத் திரும்பப் பொருத்த முக்கால் மணி நேரம். விடியும்போது தளத்தின் மேல் இருந்த தண்ணீரில் படகு மிதக்க இடம் இல்லை.

எல்லாம் முடிந்து நிமிர்ந்தபோதுதான் பார்த்தேன். அடுத்த படகில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ‘மெதுவாக’ என்று சொன்ன கிழவர் தொப்பியிலும் தோளிலும் பனியோடு தன் மேல்தட்டில் நின்றிருந்தார், கையில் நீளமான கொக்கிக் கழி. எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. வேண்டியிருந்தால் தோணியில் பாய்ந்து வந்திருப்பார். எங்கள் எஞ்சின் ஓய்ந்ததும் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு உள்ளே போனார்.

சின்ன வயதில் பெரிய வியாழன் இரவு அம்மா என்னை ஜென்மராக்கினி மாதா கோயிலுக்குக் கூட்டிப்போவாள். நற்கருணைக்கு முன்னால் ஒரு மணி நேரம் முழித்திருக்க வேண்டும். தூக்கம் சொக்கும், அம்மா தொடையில் கிள்ளுவாள். கெத்சமனித் தோட்டத்தில் இயேசு தனியாக இருந்த இரவு அது. நானும் வருடா வருடம் அந்த வாசகத்தைக் கேட்டிருக்கிறேன். ஆனால் அந்த இரவில் அவர் இரண்டு விஷயம் கேட்டார் என்பது பனியில் நனைந்த அந்த விடியற்காலையில்தான் எனக்கு உறைத்தது. இந்தக் கிண்ணம் என்னைவிட்டு அகலட்டும் என்று தந்தையிடம் கேட்டார். என்னோடு முழித்திருங்கள் என்று நண்பர்களிடம் கேட்டார். ஆகவே கேட்பது பாவமில்லை. அவரே வியர்த்து வழியக் கேட்டார். ஆனால் எதை யாரிடம் கேட்க வேண்டுமோ அதை அவரிடம் கேட்டார். கிண்ணத்தை அகற்றுவது மனிதர் கையில் இல்லை. முழித்திருப்பதோ முழுக்க முழுக்க மனிதர் கையில் இருந்தது. அந்த ஒன்றைத்தான் அவர்கள் செய்யவில்லை, தூங்கிவிட்டார்கள்.

நான் பல வருடம் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டிருந்தேன். என் பங்கு வேலையையும் சேர்த்துக் கடவுளிடம் கேட்டுவிட்டு, கேட்டாயிற்று என்ற நிம்மதியில் கண்ணயர்ந்தேன். செபம் நிறைவேறிவிட்டது என்று தோன்றும் நேரத்தைவிட ஆபத்தான நேரம் ஒரு விசுவாசிக்கு இல்லை என்றே இப்போது நினைக்கிறேன். போர் நின்ற அடுத்த நாள், கடன் அடைந்த அடுத்த மாதம், நோயாளி வீடு திரும்பிய முதல் வாரம், எல்லாம் நீர் இறங்கும் இரவுகள்தான்.

எனவே என் மன்றாட்டை மாற்றிக்கொண்டேன். பாரமானி முள் இறங்கி, ஆறு பழுப்பாகிக் கிளைகளை இழுத்து வரத் தொடங்கினால், இப்போதும் கேட்கிறேன். இறங்கட்டும் ஆண்டவரே, ஆனால் மெதுவாக, ருவான்காரர்களுக்கும் தாங்குகிற வேகத்தில். அதோடு ஷாந்த்கோக்கில் வீடு இழந்தவர்களுக்காகச் செபமாலையில் ஒரு மணி. இதற்கு மேல் தண்ணீரைப் பற்றி அவரிடம் நான் பேசுவதில்லை.

மீதி என் வேலை. வெள்ளம் வடியும் இரவுகளில், எங்கள் படகு பத்திரமாக ஆழத்தில் இருந்தாலும், பக்கத்தில் யாராவது தளத்தோரம் கட்டியிருந்தால் நாங்கள் சுக்கான் அறை விளக்கை அணைப்பதில்லை. கொக்கிக் கழியைக் கதவோரம் சாய்த்து வைக்கிறேன். காபியைச் சுடவைக்கிறேன். அவர்கள் எஞ்சின் சத்தம் கேட்டால் வெளியே வந்து நிற்கிறேன்.